அப்பாவின் பெயரையும் வாசித்தார்கள்

அப்பாவின் காரில் இருந்த றேடியோவைக் கழற்றிய அன்று நான்தான் பக்கத்தில் நின்று ரோர்ச் பிடித்தேன். பட்டப்பகல்தான். ஆனாலும் டாஷ்போட்டுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்று தேவன் சொன்னார். தேவன் எங்கள் மானிப்பாய்ப் பக்கத்தில் கார் வயறிங் வேலை செய்பவர். டாஷ்போட்டுக்குக் கீழே தலையும், வாசல் படலைப் பக்கம் கால்களுமாக மல்லாந்து கிடந்தார்.

அப்பா மாமரத்தடியில் நின்றார். கிட்ட வரவில்லை.

"அண்ணை, கடைசியா ஒருக்காக் கேக்கிறன். கழட்டவோ?" என்று தேவன் உள்ளே கிடந்தபடியே கேட்டார்.

"பிள்ளை சொல்லுறா. கழட்டும்" என்றார் அப்பா.

பிள்ளை என்றது என்னை. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

கழற்றிய இடத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு ஓட்டை. அதற்குள் இருபது வருடத் தூசி. காய்ந்த மல்லிகைப் பூ ஒன்றும் கிடந்தது. எந்தக் கலியாணத்துப் பூவோ தெரியாது.

பிளஸ்சும் மைனஸ்சும்

புது செற்றை அனுப்பியது ஜெர்மனியில் இருந்த என் தம்பி. ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில் சாரத் துணிகளுக்கு நடுவே சுற்றி வந்தது. கறுப்பு நிறம், பச்சை வெளிச்சம், கசற் போடும் வாய், இரண்டு ஸ்பீக்கர். அதோடு தம்பி தன் குரலைப் பதிந்து ஒரு கசற்றும் அனுப்பியிருந்தான். "அப்பா, உந்தப் பழஞ் சாமானைக் கழட்டி எறிஞ்சுபோட்டு இதைப் பூட்டுங்கோ. இனி எல்லாக் கலியாண ஹயரும் உங்களுக்குத்தான்" என்று அதில் சொன்னான். பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து பேசியிருக்கிறான்.

இரண்டையுமே வைத்திருக்க முடியாதா என்றுதான் அப்பா முதலில் கேட்டார்.

"ஏலாது அண்ணை" என்றார் தேவன். "உங்கடை கார் பழைய இங்கிலீசுக் கார். பற்றறியின்ரை பிளஸ் வயர் கார்ப் பொடியிலை, தகரத்தோடை பூட்டியிருக்கு. இந்தப் புது செற்றுக்கு மைனஸ்தான் பொடிக்கு வரவேணும். அப்பிடியே குடுத்தால் செற் எரியும். பற்றறியைத் திருப்பிப் போட்டால் பழைய றேடியோ எரியும். ஒண்டுதான் இருக்கலாம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் புது செற்றைப் பார்த்தேன்.

புது செற்றில் றேடியோவும் இருந்தது. ஆனால் எஃப்.எம். மட்டும். எங்கள் ஊர்க் காற்றில் அந்த நாளில் எஃப்.எம். என்று ஒன்று வரவே இல்லை. ஊசியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தள்ளினால் 'உஸ்' என்ற சத்தம் மட்டும் கேட்கும். தேவன் இதையும் சொன்னார்தான். "பாட்டுக் கேக்கத்தானே பூட்டுறம்" என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

கூலி வேண்டாம், பழைய றேடியோவைத் தாருங்கள், கடையில் வைக்கிறேன் என்று கேட்டு அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார் தேவன்.

பெரியப்பாவின் கார்

அந்த றேடியோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காரும் றேடியோவும் கொம்பனியிலிருந்து ஒன்றாக வந்தவை. வாங்கியவர் பெரியப்பா, அப்பாவின் ஒரே அண்ணன். கொழும்பில் கிளாக்கராக இருந்தவர். ஓய்வு பெற்று வவுனியாவில் வயல் வாங்கிப் போகும்போது, "எனக்கென்னத்துக்குக் கார்? மாட்டு வண்டில் போதும்" என்று சொல்லித் தம்பியிடம் கொடுத்துவிட்டார். அதுவரை கடையில் கணக்கப்பிள்ளையாக நின்ற அப்பா, அதோடு வாடகைக்குக் கார் ஓட்டும் ஹயர்க்காரர் ஆனார். நாங்கள் சாப்பிட்டதும் படித்ததும் அந்தக் காரால்தான்.

பெரியப்பா வருடத்தில் ஒருமுறை எங்களிடம் வருவார். வந்ததும் வீட்டுக்குள் போகமாட்டார். கார்க் கதவைத் திறந்து முன் சீற்றில் ஏறி இருந்து றேடியோவின் குமிழைத்தான் முதலில் திருகுவார். "இப்பவும் ஸ்ரேசனை நல்லா இழுக்குது என்ன?" என்பார். கடிதம் எழுதினாலும் கடைசி வரியில் அதே கேள்விதான்: றேடியோ இழுக்கிறதா?

செற் மாற்றிய பிறகு வந்த கடிதத்துக்கு அப்பா பதில் எழுதும்போது நான் எட்டிப் பார்த்தேன். எல்லோரும் சுகம், மழை இல்லை என்று எழுதியிருந்தார். றேடியோவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

காலைச் செய்திக்குப் பிறகு

அந்த றேடியோவில் அப்பா பாட்டுக் கேட்டதே இல்லை. அவர் கேட்டது மரண அறிவித்தல்.

எங்கள் நாட்டில் அந்த நாட்களில் ஒருவர் இறந்தால் வீட்டார் முதலில் செய்கிற காரியம் றேடியோவுக்கு அறிவித்தல் கொடுப்பது. காலைச் செய்தி முடிந்ததும் வாசிப்பார்கள். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்ன ஊர் இன்னாரின் அன்புச் சகோதரரும் என்று ஒரே இழுவையில் போகும். கடைசியில் இன்ன நேரம் தகனம் என்று வரும். கடிதம் தொலையும், தந்தி பிந்தும், ரெலிபோன் ஊருக்கு இரண்டு வீட்டில்தான். இராணுவத்தோடு பிரச்சினை தொடங்கிய பிறகு அந்த இரண்டும் ஊமை. ஆனால் அறிவித்தல் எந்த மூலைக்கும் போய்ச் சேரும். அறிவித்தல் போட்டாயிற்று என்றால் சொல்லியாயிற்று என்றுதான் கணக்கு. அதற்குப் பிறகு வராதவனுக்கு மன்னிப்பு இல்லை.

ஹயர்க்காரருக்கு அது தொழில். அப்பா காலையில் பிளேன்ரீக் கோப்பையோடு காருக்குள் ஏறிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பார். குருநகரில் ஒரு சாவு என்று வாசித்தால், மானிப்பாயில் அவர்களுக்கு யார் சொந்தம் என்று அப்பாவுக்குத் தெரியும். அவர்கள் அழுதுகொண்டு கார் தேடி வரும்போது, அப்பா வேட்டி மாற்றி, காருக்குத் தண்ணீர் ஊற்றி, ரயருக்குக் காற்றும் பார்த்து ஆயத்தமாக நிற்பார். சில வீட்டுக்கு இவரே போய்ச் செய்தி சொன்னதும் உண்டு. ஊரில் எந்தச் சாவும் முதலில் தெரிவது அவருக்குத்தான் என்பது எல்லோரும் அறிந்த விஷயம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னைச் 'செத்தவீட்டுக் கார்' என்று பட்டம் தெளித்தார்கள். சந்தியில் நின்ற இன்னொரு ஹயர்க்காரன் சின்னராசாவின் காரில் கசற் பாடியது. கலியாணம் எல்லாம் அவனிடம் போனது. எங்களுக்குச் சாவுதான். அம்மா இல்லாத வீட்டில் நான்தான் எல்லாம் என்ற திமிரும் சேர்ந்துகொண்டது. செற் வந்ததும் நின்ற காலில் நின்று பூட்ட வைத்தேன்.

வீட்டுக்குள் ஒரு பழைய றேடியோ இருந்தது. அது அம்மா காலமான வருடமே பழுதாகிவிட்டது. காரில்தான் இருக்கிறதே என்று யாரும் அதைத் திருத்தவில்லை.

பூட்டிய பிறகும் அப்பா அந்த நேரத்துக்குக் காருக்குள் போய் இருந்தார். பழக்கம் விடுமா? செற்றைப் போடமாட்டார். சும்மா பிளேன்ரீ குடித்துவிட்டு இறங்கி வருவார்.

ஒரு புதன்கிழமை

அந்த ஆவணியில் நீர்வேலியில் ஒரு கலியாணத்துக்கு எங்களைக் கேட்டார்கள். செற் பூட்டியபிறகு வந்த நாலாவது கலியாணம். எனக்குத் தலைகால் புரியவில்லை. புதன்கிழமை விடிய நான் பூ கோத்துக்கொண்டிருந்தேன். அப்பா வழக்கம்போல் காருக்குள் இருந்தார்.

அந்த நேரத்தில்தான் றேடியோவில் வாசித்திருக்கிறார்கள். வவுனியாவைச் சேர்ந்த இளைப்பாறிய கிளாக்கர் இராசரத்தினம் காலமானார். நாகம்மாவின் அன்புக் கணவரும், நடேசனின் பாசமிகு தந்தையும், மானிப்பாய் கனகரத்தினத்தின் அன்புச் சகோதரரும் ஆவார். தகனம் இன்று மாலை நாலு மணிக்கு.

கனகரத்தினம் என்பது என் அப்பா. தன் பெயரை நாடு முழுக்க வாசித்தபோது அவர் வெறுங் காருக்குள் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் மாமி தன் வீட்டு றேடியோவில் கேட்டிருக்கிறா. கேட்டதும் வேலிக்கு ஓடி வந்து பார்த்திருக்கிறா. அப்பா காருக்குள் அசையாமல் இருக்கிறார். பாவம், கேட்டுவிட்டார், தனிய இருந்து அழட்டும் என்று திரும்பிப் போய்விட்டா. இதை அவவே பிறகு சொல்லி அழுதா.

கொஞ்ச நேரத்தில் நான் காருக்குப் பூமாலை கட்டினேன். மாமி மறுபடியும் வேலிக்கு வந்தா. முகம் ஒரு மாதிரி இருந்தது.

"போகத்தான் போறியளோ?" என்று அப்பாவைக் கேட்டா.

"ஒப்புக்கொண்டால் போகத்தானே வேணும். கலியாண வீடெல்லோ" என்றார் அப்பா.

மாமி உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டா. நான் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

நாதஸ்வரக் கசற்றை நானேதான் போட்டுவிட்டேன். சத்தத்தை முழுக்கக் கூட்டி, மல்லிகை மணக்க மணக்க அப்பா ஒழுங்கையால் போனார். பெரியப்பாவைக் கட்டையில் வைத்த நேரம் அப்பா நீர்வேலியில் மாப்பிள்ளையைத் திருப்பி ஏற்றக் காத்துக்கொண்டு வாழைத் தோட்டத்துப் பக்கம் காரை நிழலில் விட்டிருப்பார்.

நாலு நாட்கள்

பிறகு வந்த நாலு நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஊர்மேல் ஆத்திரம் வரும். என்மேல் வருவது வேறு.

வியாழக்கிழமை அப்பா சலூனுக்குச் சவரத்துக்குப் போனார். கூடப்பிறந்தவன் செத்த துடக்கில் தீட்டுக் கழியும்வரை முப்பத்தொரு நாள் முகத்தில் கத்தி வைப்பதில்லை. சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "இண்டைக்கோ அண்ணை?" என்றாராம். "ஏன், இண்டைக்குக் கத்திக்குச் சுகமில்லையோ?" என்று அப்பா பகிடி விட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி எனக்கும் சிரிப்புக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனார். ஐயர் விபூதியைக் கையில் கொடுக்காமல் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு ஐயருக்கு என்ன கோபமோ என்றார் அப்பா.

ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஊருக்கே சாவு சொல்கிற மனிதனுக்குத் தன் வீட்டுச் சாவு தெரியாமல் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அண்ணனோடு காணிப் பிரச்சினை என்றார்கள். ஆனையிறவில் ஆமி மறிக்கும் என்று பயந்துவிட்டார் என்றார்கள். புது செற்றும் கலியாண ஹயரும் கண்ணை மறைத்துவிட்டது என்றும் சொன்னார்களாம். இத்தனையும் முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே வாய் திறக்க ஒரு ஆள் இல்லை. அதற்குப் பெயர் மரியாதையாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேவன் சைக்கிளில் வந்தார். ஏறச் சொல்லியும் முற்றத்திலேயே நின்றார்.

"அண்ணை, செத்தவீட்டு எட்டாம் நாள் செலவு வவுனியாவிலையோ, இஞ்சையோ?"

"ஆரின்ரை எட்டு?" என்றார் அப்பா.

தேவன் சைக்கிளை மெல்ல மதிலில் சாத்தினார்.

"அண்ணை, உங்களுக்குத் தெரியாதோ? பெரியவரின்ரை அறிவித்தல் புதன்கிழமை போச்சு. நான் கடையிலை கேட்டனான். தந்தி வந்திருக்கும் எண்டுதான் நினைச்சன். பிறகு நீங்கள் சவரம் எடுத்தது, கோயிலுக்குப் போனது எல்லாம் கேள்விப்பட எனக்கு விளங்கேல்லை. றேடியோவைக் கழட்டினவன் நான்தானே. இந்தாளுக்குத் தெரியாதோ எண்டு அப்பதான் யோசிச்சனான்."

அப்பா கதிரையில் இருந்து எழும்பினார். பிறகு இருந்தார்.

"எந்த றேடியோவிலை கேட்டனீர்?" என்றார்.

அவர் ஏன் அதைக் கேட்டார் என்று எனக்கு இன்றும் தெரியாது. தேவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "உங்கடையிலைதான் அண்ணை" என்றார்.

வவுனியா

"பஸ்ஸிலை போவம்" என்றார் அப்பா. கார் நிற்க ஏன் பஸ் என்று நான் கேட்கவில்லை. ஆனையிறவில் ஆமிக்காரர் இறக்கி, நடத்தி, திரும்ப ஏற்றினார்கள். வழி முழுக்க அப்பா மழித்த முகத்தைத் துவாயால் துடைத்துக்கொண்டே வந்தார். பெரியப்பா வீட்டுப் படலையைக் கண்டபோதுதான் எனக்கு விளங்கியது. காரைக் கொண்டுவந்தால் றேடியோ இல்லாததை அவர்கள் கண்டுவிடுவார்கள்.

பெரியப்பாவின் மகன் நடேசன் அண்ணை தலை மழித்து, வெறும் மேலோடு வாசலில் நின்றார். கொள்ளி வைத்தவர் அவர்தான். அப்பாவின் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். தாடையில் மூன்று நாள் மயிர்தான் முளைத்திருந்தது. வியாழக்கிழமை சவரம் எடுத்தது யாரும் சொல்லாமலே தெரிந்தது.

பெரியம்மா உள்ளே பாயில் இருந்தா. அப்பா காலடியில் போய் இருந்து, "மச்சாள்" என்றார்.

"அண்டைக்கு அஞ்சு மணிவரைக்கும் பிரேதத்தை வைச்சுக்கொண்டு இருந்தனாங்கள் தம்பி" என்றா பெரியம்மா. "ஐயர் நேரம் போகுது எண்டார். தம்பி வருவான், கார் வரும் எண்டு நான்தான் மறிச்சனான். அவரும் கடைசி மட்டும் உம்மைத்தான் கேட்டவர்."

நடேசன் அண்ணை கதவடியில் வந்து நின்றார்.

"சித்தப்பா, ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அறிவித்தல் கேட்டனீங்களோ, இல்லையோ?"

அப்பாவிடம் இரண்டு பதில் இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், அண்ணன் தந்த காரிலிருந்து அண்ணனின் றேடியோவைப் பிடுங்கி எறிந்துவிட்டேன், அதனால் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஏன் பிடுங்கினாய் என்று கேட்டால், மகள் சொன்னாள் என்று சொல்ல வேண்டும்.

"கேட்டனான்" என்றார் அப்பா.

"கேட்டும் வரேல்லையோ?"

"கலியாண ஹயர் ஒண்டு ஒப்புக்கொண்டிட்டன்."

நான் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு நாக்கு இருந்தது. இல்லை, அவர் பொய் சொல்கிறார், செற்றை மாற்ற வைத்தவள் நான் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. எல்லோரும் என் பக்கம் திரும்பப்போகிறார்களே என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்பா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அப்ப நீங்கள் போகலாம்" என்றார் நடேசன் அண்ணை.

தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் எடுத்தோம். நாங்கள் ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்துத் தந்தி வந்தது.

திருப்பிப் போட்ட பற்றறி

நீர்வேலிக் கலியாண வீட்டாரும் கேள்விப்பட்டு வந்தார்கள். துடக்கோடு வந்து மாப்பிள்ளையை ஏற்றினாயே என்று படலையில் நின்று கத்தினார்கள். அவர்களிடமும் அப்பா தெரியாது என்று சொல்லவில்லை; தேவனையும் சொல்ல விடவில்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டார், ஊருக்கு ஒரு கதை, வவுனியாவுக்கு ஒரு கதை என்று இருக்க அவருக்குத் தெரியாது. அதோடு கலியாணமும் போயிற்று, சாவும் போயிற்று.

தேவன் றேடியோவைத் திருப்பித் தருவதாகக் கொண்டுவந்தார். "வேண்டாம், பற்றறியைத் திருப்பியாச்சு" என்றார் அப்பா. பிறகு கரண்ட் அடியோடு நின்ற காலத்தில், தேவன் அதை ஒரு பழைய பற்றறியில் பூட்டி வைத்தார். ஊரே கடை வாசலில் நின்று செய்தி கேட்டது. அப்பா அந்தப் பக்கம் போனால் ரோட்டின் மற்றக் கரையால் நடப்பார்.

என்னை அவர் ஒருநாளும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நல்லது. நடேசன் அண்ணைக்குக் கடிதம் எழுத நான் பலமுறை பேனை எடுத்தேன். எழுதவில்லை. பிறகு பார்ப்போம், அப்பா இருக்கிறார்தானே என்று விட்டேன்.

அப்பா காலமானது, பெற்றோல் இல்லாமல் கார் கல்லின் மேல் நின்ற வருடங்களில். கிளாலிக் கடலால் வள்ளத்தில் போன ஒருவரிடம் எழுதிக் கொடுத்து, கொழும்பில் அறிவித்தல் போட வைத்தேன். அவர் போய்ச் சேருமுன் தகனம் முடிந்துவிட்டது. ஆனாலும் போட வேண்டும் என்று நின்றேன். நாகம்மாவின் அன்பு மைத்துனரும், நடேசனின் பாசமிகு சிறிய தந்தையும் என்று நானே எழுதினேன். அது வாசிக்கப்பட்டதைத் தேவனின் கடை வாசலில் நின்று கேட்டேன். பழைய றேடியோ நல்லாகத்தான் இழுத்தது.

வவுனியாவிலிருந்து யாரும் வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வரவில்லை. ஒரு கடிதமும் இல்லை.

கேட்டிருக்க மாட்டார்கள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். கரண்ட் இருந்திருக்காது, பற்றறி இருந்திருக்காது, வயலுக்குப் போயிருப்பார்கள், கேட்டிருந்தாலும் கடல் கடந்து எப்படி வருவது? அவர்களுக்காக இப்படி எத்தனையோ காரணம் தேடிக் கொடுத்திருக்கிறேன், ஒருவரும் என்னிடம் கேட்காமலே. அப்பாவுக்கு ஒரேயொரு காரணம்தான் இருந்தது. அது எனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அதைச் சொல்ல நான் மட்டும்தான் அங்கே நின்றேன்.